ப்ளஸ் டூ முடித்ததும் சட்டமா, டிகிரி முடித்துவிட்டா? வடகவுஞ்சியிலிருந்து ஒரு கணக்கு

வக்கீல் ஆக இரண்டு வழி. ப்ளஸ் டூ முடித்ததும் 5 ஆண்டு பி.ஏ., எல்.எல்.பி. அல்லது ஏதாவது ஒரு டிகிரி, அதன்பிறகு 3 ஆண்டு எல்.எல்.பி. ஒரு வருஷம் மிச்சம்தானே, முதல் வழியே போதும்னு தோணும். கொடைக்கானல் தாலுகா வடகவுஞ்சியில் இருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறுது.

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 5 ஆண்டுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண், 3 ஆண்டுக்கு டிகிரி மதிப்பெண், அவ்வளவுதான். 'கிளாட்' எழுத வேண்டியது திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களுக்கு. இந்த மலைக்கு அருகில் இருப்பவை மதுரை, தேனி அரசு சட்டக் கல்லூரிகள். தினமும் போய் வர முடியாது, தங்கித்தான் படிக்கணும்.

நடுவில் நின்றுவிட்டால்?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி, 5 ஆண்டு படிப்பில் பாதியில் வெளியேறி டிகிரி வாங்க வழியில்லை. மூன்றாம் வருஷம் வீட்டில் பணம் தட்டினால் கையில் மிஞ்சுவது ப்ளஸ் டூ சான்றிதழ் மட்டும். அதே மூன்று வருஷத்தில் பழனியிலோ, பெண்கள் என்றால் கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகத்திலோ பி.ஏ. முடித்திருந்தால் குரூப் 2 எழுதலாம், பிறகு சட்டமும் படிக்கலாம். ஐந்து வருஷச் செலவுக்கு உறுதி இருந்தால் 5 ஆண்டுப் படிப்பு நல்லது. இல்லையென்றால் டிகிரிதான் பத்திரம்.

நீதிபதி கனவு இருப்பவர்களுக்கு அந்த ஒரு வருஷம் முக்கியம். சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2025 மே 20-ல் தீர்ப்பளித்தது. 18 வயதில் சேர்பவர் 26-ல் எழுதலாம், டிகிரி வழியில் வந்தால் 27.

ஒரு ஆறுதல்: வக்கீலாகப் பதிவு செய்ய 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதுன்னு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வன உரிமைச் சட்டம் வந்தது 2006-ல். அதில் மனு எழுத ஆள் தேடும் பளியர் குடும்பங்களில் இருந்தே ஒரு வக்கீல் வர இது சின்ன உதவியில்லை.

தொலைதூரக் கல்வி டிகிரி வைத்திருப்பவர்களும் எல்.எல்.பி. சேரலாம். ஆனால் பத்தாவது, ப்ளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய டிகிரி செல்லாது.