ஸ்தலபுராணத்துக்கு எதிராக

ஊரைப் பற்றி எழுதுவது தமிழில் ஒரு சடங்காகிவிட்டது. சடங்குக்கான மந்திரங்களும் தயாராக இருக்கின்றன. பெரம்பலூர் என்றால் சாத்தனூர்க் கல்மரத்தில் தொடங்க வேண்டும். வயது 12 கோடி ஆண்டு, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. அடுத்தது ரஞ்சன்குடிக் கோட்டை, 1751இல் அந்தப் பக்கத்தில் முகம்மது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் நடந்த சண்டை. அப்புறம் வாலிகண்டபுரத்து வாலீசுவரர், சிறுவாச்சூர் மதுரகாளி, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம். கடைசிப் பத்தியில் பல்வேறு மதத்தினரும் இனத்தினரும் இங்கே சகோதரர்களாக வாழ்ந்து வருகிறார்கள் என்று ஒரு தேங்காயை உடைத்துவிட்டால் கட்டுரை முடிந்தது. மரத்துக்கு 12 கோடி ஆண்டு கொடுத்தவர்கள் மனிதனுக்கு ஒரு வாக்கியம் கொடுக்கிறார்கள்.

ஒரு மலருக்காக இப்படி நான்கு பக்கம் என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். கேட்டவர் நல்லவர், இலக்கியம் தெரிந்தவர். அதுதான் என்னை உறுத்துகிறது. வியாபாரப் பத்திரிகைக்காரன் கேட்டால் அவன் பிழைப்பு என்று விட்டுவிடலாம். நம்மவர்களுக்கும் ஊர் என்றால் ஸ்தலபுராணம்தான் என்றால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இது எந்த மாதிரி ஊர் என்று பார்க்கலாம். ரயில் கிடையாது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலைதான் இதற்கு ஆறு, ரயில் எல்லாம். 1995இல் திருச்சி ஜில்லாவிலிருந்து பிரித்து மாவட்டத் தலைநகர் ஆக்கினார்கள். 2001இல் அரியலூரைத் தனி மாவட்டமாக வெட்டினார்கள், 2002இல் மறுபடி ஒட்டினார்கள், 2007இல் மறுபடியும் வெட்டினார்கள். 2011 கணக்குப்படி மாவட்டத்து ஜனத்தொகை ஐந்தே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, ஊருக்குள் சுமார் 50 ஆயிரம். மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் தாழ்த்தப்பட்டவர்கள். நூற்றுக்கு 80க்கு மேல் கிராமத்தில் இருப்பவர்கள். இதை நகரம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், கிராமம் என்று சொல்வதற்கு இன்னும் அதிகம்.

பெருநகரம் இல்லாத ஒரு புறநகர் என்று நான் சொல்லுவேன். துறைமங்கலத்துப் பக்கமும் நாலு ரோட்டுப் பக்கமும் போய்ப் பாருங்கள். நேற்றுவரை மக்காச்சோளமும் பருத்தியும் நின்ற காட்டில் மஞ்சள் கல் நட்டு, ஒரு தகப்பனாரின் பெயரோ தெய்வத்தின் பெயரோ சேர்த்து 'நகர்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். குடிவந்தவர்கள் வாத்தியார்கள், நர்ஸுகள், பஸ் கண்டக்டர்கள், அரசாங்க குமாஸ்தாக்கள், துபாய்ப் பணத்தில் வீடு கட்டிய வி.களத்தூர், லெப்பைக்குடிகாட்டுக் குடும்பங்கள், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகக் கிராமத்தை விட்டு வந்த உடையார்கள், ரெட்டியார்கள், முத்துராஜாக்கள், முதல் தலைமுறையாகச் சேரியைத் தாண்டி மனை வாங்கிய தாழ்த்தப்பட்டவர்கள். யாருக்கும் இது சொந்த ஊரில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாதி நகர் பூட்டிக்கிடக்கும்.

கிராமத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெருவே சொல்லிவிடும். இங்கே தெரு சொல்வதில்லை. ஆகவே மனிதர்கள் கேட்கிறார்கள். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிக்கும். "ஊர்ல எந்தத் தெரு?" என்று தொடரும். "கவுச்சி சாப்பிடுவீங்களா?" என்று முடியும். வாடகைக்கு வீடு தேடி வந்தவன் இந்த மூன்றாவது கேள்வியோடு திரும்பிப் போனதை ஒருவரும் எழுதியதில்லை. அவன் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பப்படுகிறான். தண்ணீர் கொடுப்பார்கள், "பையன் வெளிநாட்டிலேர்ந்து வர்றான், அவனுக்கே வேணும்ங்கிறான்" என்பார்கள். இந்த மரியாதைதான் என் விஷயம். இதற்குள் எத்தனை நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது, எத்தனை புது சாமர்த்தியம் இருக்கிறது என்று பிரித்துக் காட்ட எந்த மலரிலும் இடமில்லை.

'ஒற்றுமை' என்ற சொல்லின் காரியமே இதை மறைப்பதுதான். ஊரில் நடமாடும் சொல் வேறு: முறை. சொந்தத்துக்கும் முறை, வாய்க்காலில் தண்ணீர் விடவும் முறை, திருவிழாவில் மண்டகப்படிக்கும் முறை. யார் முதலில், யார் பிறகு, யார் எவ்வளவு நேரம், எந்த வழியாக என்பதெல்லாம் இந்த ஒரு சொல்லில் அடக்கம். நியாயமும் இதில் இருக்கிறது, அநியாயமும் இதில்தான் இருக்கிறது. சிறுவாச்சூர்க் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மதுரையிலிருந்து வந்த காளிக்கு உள்ளூர்ச் செல்லியம்மன் இடம் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள், காளியும் வாரத்தில் இரண்டு நாள்தான் கீழே இருப்பாள், மற்ற நாட்களில் மலையில் செல்லியம்மனோடு இருப்பாள் என்பது கதை. வந்தேறிக்கும் உள்ளூர்க்காரிக்கும் நடந்த ஒரு பாகப்பிரிவினை ஒப்பந்தத்தை இத்தனை துல்லியமாகச் சொல்ல எந்தச் சமூகவியல் புத்தகத்தாலும் முடியாது. நம் ஸ்தலபுராணக்காரர்கள் இதை 'அதிசயம்' என்று பெட்டிச் செய்தியாகப் போடுகிறார்கள்.

முறை முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வி.களத்தூர் இருக்கிறது. அங்கே கோயில் திருவிழா ஊர்வலம் எந்தெந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பது 2012 முதல் வழக்காக வளர்ந்தது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு மதத்தவர் அதிகமாக இருக்கிறார்கள் என்பதற்காகத் தெரு அவர்களுடையதாகிவிடாது, ஊர்வலம் போகலாம் என்பது அதன் சாரம். சரியான தீர்ப்பு. தெரு பொது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அதே நியாயத்தை, தேர் திரும்பிக்கூடப் பார்க்காத சேரித் தெருவுக்கும் சேர்த்து ஒரு நாள் யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

தீர்ப்பு வந்ததும் இரண்டு கோஷ்டிகள் எழுதின. ஒரு கோஷ்டிக்கு இது ஹிந்துக்களின் வெற்றி. இன்னொரு கோஷ்டிக்கு இந்த ஊரில் என்றைக்கும் பிரச்னையே இருந்ததில்லை, வெளியிலிருந்து வந்தவர்கள் மூட்டிவிட்டது. முதல் கோஷ்டியோடு பேச எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது கோஷ்டி நம்முடையது. அதனால்தான் கோபம் வருகிறது. என்றைக்கும் இருந்ததில்லையாமா? வழிபாட்டு இடத்து வாசலில் மேளம் போவது வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டிலேயே அடிபட்ட சமாசாரம். 1882இல் சேலத்தில் மசூதியும் ஊர்வலப் பாதையும் கலவரமாகவே வெடித்தன. பிரச்னை எப்போதும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அதை யாரோ நாலு பேர் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார்கள். மேளம் எந்த இடத்தில் நிற்கும், எங்கே மறுபடி எடுக்கும், யார் வீட்டுத் திண்ணையில் பேச்சு, எந்தப் பெரியவர் சொன்னால் எந்தப் பையன்கள் அடங்குவார்கள்: இதுதான் சமூக வாழ்க்கை. சண்டையின்மை தானாக வந்ததில்லை, வருஷா வருஷம் செய்யப்பட்டது. செய்த கைகளைப் பற்றி ஒரு வரி இல்லாமல் 'காலங்காலமான நல்லிணக்கம்' என்று எழுதினால், அந்தக் கைகள் ஓய்ந்த வருஷத்தில் என்ன நடந்தது என்பதும் புரியாது.

நான் பாங்கில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். விண்ணப்பத்தில் முகவரி என்ற கட்டம் இருக்கிறதே, அந்த அரை அங்குல இடத்தில் ஒரு ஊரின் முழு வரைபடமும் வந்துவிடும். வடக்குத் தெரு என்று நிமிர்ந்து எழுதுகிறவர் உண்டு. 'காலனித் தெரு' என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லி, "ஊர்ப் பேர் மட்டும் போதுமே சார்" என்று கேட்கிறவரும் உண்டு. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். செய்ய வேண்டியதுதான். ஆனால் சொல் போனபின் அந்த இடத்தில் வரும் சொல் என்ன, அதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறதா இல்லையா என்று கவனிப்பது யாருடைய வேலை? கெஜட் அதைச் செய்யாது. சொல்லையே தொழிலாக வைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறவர்கள் நாம்.

எறையூரை இங்கே சொல்லியாக வேண்டும். 2022இல் அங்கே சிப்காட் தொழிற்பூங்கா வந்தது, செருப்புத் தொழிற்சாலைக்கு. பக்கத்திலேயே நரிக்குறவர் குடியிருப்பு. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஆரம்பத்தில்தான் அமலுக்கு வந்தது. அறிமுகக் கட்டுரைகளில் அவர்கள் பாசிமணியும் ஊசியும் விற்கும் வர்ணக் கோலம். ஊருக்கு 'பன்முகத் தன்மை' தருகிறவர்கள். அவர்களுடைய நிலப் பிரச்னையும் ஜாதிச் சான்றிதழும் பன்முகத்தில் எந்த முகம் என்று தெரியவில்லை.

இனி நம் படைப்பாளிகள். ஸ்தலபுராணக்காரன் ஊரைக் கும்பலாகப் பார்க்கிறான் என்றால் நம் நவீனர்கள் ஊரைப் பார்ப்பதே இல்லை. சின்ன ஊர் வந்தால் ஒரு லாட்ஜ் அறை, மின்விசிறி, ஜன்னல், மத்தியானம், சலிப்பு. பெரம்பலூரிலும் பாரிஸிலும் ஒரே மத்தியானம். அந்நியமாதல் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனே இல்லாத ஒருவன் யாரிடமிருந்து அந்நியமாவது? தனிமைக்கு ஷெர்வுட் ஆண்டர்சனைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் 1919இல் வந்த அந்த 'வைன்ஸ்பர்க், ஒஹையோ'வை மறுபடி படிக்கட்டும். அங்கே ஒவ்வொரு தனி மனிதனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு தொழில் உண்டு, அவனைப் பற்றிப் பேச ஒரு தெரு உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. சுந்தர ராமசாமி 1966இலேயே ஒரு புளியமரத்தடி நாற்சந்தியில் கடை, முனிசிபாலிட்டி, பத்திரிகை, தேர்தல் என்று ஒரு ஊரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். 1974இல் ஜி. நாகராஜன் மரியாதையான ஊர் கண்ணை மூடிக்கொள்ளும் இன்னொரு ஊரைக் காட்டினார், 'நாளை மற்றுமொரு நாளே'யில். எனக்கு இதில் முக்கியம் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு', 1977. செகந்திராபாத் லான்ஸர் பாரக்ஸில் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தோடு சந்திரசேகரனுக்கு இருப்பது ஒற்றுமையுமில்லை, பகையுமில்லை. தண்ணீர்க் குழாய், மாடு, கிரிக்கெட், சில்லறைச் சச்சரவு. இந்தச் சில்லறை அத்தனையும் சேர்ந்ததால்தான் கடைசியில் அவன் தப்பி ஓடிப் புகுந்துவிடும் அந்த வீடு நம்மைக் குலைத்துப் போடுகிறது. முதல் பக்கத்திலேயே சகோதரத்துவம் என்று அறிவித்திருந்தால் கடைசிப் பக்கம் ஒரு பிரசங்கமாகப் போயிருக்கும்.

இவற்றைப் படித்தவர்கள்தான் மலர் போடுகிறார்கள் என்பது என் வருத்தம். நண்பர் சொன்னார்: "இதையெல்லாம் எழுதினால் இருக்கிற அமைதியும் கெட்டுவிடாதா?" நியாயமான பயம்தான், லேசாகத் தள்ள மாட்டேன். வி.களத்தூர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதில் பாதி, பேசாமல் விடுவதில் இருக்கிறது. அவர்களுக்கு அந்த மௌனம் உரிமை, அவர்கள் அங்கே வாழ வேண்டியவர்கள். எழுதுகிறவன் அதே மௌனத்தைக் கடன் வாங்கித் தன் சௌகரியத்துக்கு உபயோகிக்க முடியாது. அவன் பேசாமல் விட்ட இடத்தில்தான் துண்டுப் பிரசுரக்காரன் பேசுகிறான். அவனுக்கு எந்தத் தெரு, எந்த வாசல் என்று நன்றாகவே தெரியும்.

மலருக்கு வேறு யாரோ எழுதித் தந்துவிட்டார்கள். கல்மரத்தின் போட்டோ முதல் பக்கத்தில் வருகிறது. புது நகர் எதிலாவது பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையில் கோயிலா, வாசகசாலையா, சும்மா காலியிடமா என்று குடிவந்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள் என்றால், நண்பர் அங்கே போய்ப் பின் வரிசை நாற்காலியில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்கட்டும். யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவே விடவில்லை, நாற்காலி போதாமல் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று குறித்து வந்தால், நான்கு பக்கத்துக்கு மேலேயே அவருக்கு நான் எழுதித் தருகிறேன்.