சந்தையும் தொற்றும்

ஊர் அடங்கினும் வயிறு அடங்குமோ? 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிய பின்னரும், தேனி, சின்னமனூர், கம்பம் முதலிய ஊர்களில் காய்கறி வாங்கச் செல்லுதல் ஒழியவில்லை. வாங்கிய தக்காளியை மஞ்சள் நீரில் கழுவினோர் பலர். வாங்குமிடத்தில் எட்டி நின்றோர் சிலரே.

சென்னைக் கோயம்பேட்டு அங்காடி அவ்வாண்டு மே மாதம் 5ஆம் தேதி மூடப்பட்டது காய்கறியின் குற்றத்தாலன்று, மக்கள் நெருக்கத்தாலேயாம். கொரோனா நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவதென்பது இன்று தெளிவு. ஆதலின் வீட்டுக்கொருவர் செல்லுதல், வாயும் மூக்கும் மூடுதல், விலகி நிற்றல், திரும்பியவுடன் சோப்பினாற் கைகழுவுதல் ஆகியனவே முதன்மையான காப்பாம்.

நாம் அரை நாழிகையில் வீடு திரும்புவோம். காய் விற்பவளோ பகல் முழுதும் பலர் மூச்சினிடையே அமர்ந்திருப்பாள். முகக்கவசம் நமக்காக மட்டுமன்று, அவளுக்காகவுமே என்பது நம் கருத்து. இனியொரு தொற்று வரினும் மாணவ நண்பர்கள் இதனை மறவாதிருப்பாராக.