வளையமாதேவிக்கு ஒரு மனநல ஆலோசகர்

கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்கு அருகே, நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் விளிம்பில், மேல் என்றும் கீழ் என்றும் இரு கூறாக அமைந்திருக்கும் வளையமாதேவி என்ற ஊரின் பெயர், 2023-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி வரையில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு வெளியே அதிகம் அறியப்பட்டதன்று. பரவனாற்றின் மாற்றுக் கால்வாயைத் தோண்டும் பொருட்டு, போலீஸ் காவலுடன் பொக்லைன் இயந்திரங்கள் நெல் வயலுக்குள் இறங்கி, நின்றுகொண்டிருந்த பச்சைப் பயிரை மண்ணோடு மண்ணாகப் புரட்டிப் போட்ட காட்சியை அன்று தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது சுரங்கத்தை நடத்தும் நிலக்கரி நிறுவனம். அறுவடை வரையிலாவது பொறுக்கலாகாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தக் காட்சியைக் கண்டு தாம் கண் கலங்கியதாக நீதிபதி எம். தண்டபாணி நீதிமன்றத்திலேயே சொன்னார். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்டஈடு வழங்கும்படி உத்தரவும் ஆயிற்று.

நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றி, மறு வருஷம் மே மாதம் பண்டித நேரு முதற் சுரங்கத்தைத் தொடங்கிவைத்த நாள் முதலாக இந்தப் பிரதேசத்தில் நிலம் கொடுத்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி நடந்த பேச்சுக்களுக்கும் போராட்டங்களுக்கும் கணக்கில்லை. ஏக்கருக்கு என்ன விலை, வீட்டுக்கு என்ன ஈடு, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை உண்டா, மாற்று மனை எந்த இடத்தில் என்பனவெல்லாம் நியாயமான கேள்விகள். இன்றும் பலருக்கு விடை வராத கேள்விகள். ஆனால் இத்தனை மனுக்களிலும், இத்தனை அதிகாரிகளின் கோப்புக்களிலும், நிலத்தை இழந்தவனுடைய மனோநிலை என்னவாயிற்று, அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, பெண்டாட்டி பிள்ளைகளோடு முகம் கொடுத்துப் பேசுகிறானா என்று விசாரிக்க ஒரு பத்தி கூட ஒதுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், ஒன்றரைக் காணி நிலத்தைக் கொடுத்துவிட்டவர். விடியற்காலம் நான்கு மணிக்கெல்லாம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, மோட்டார் போடப் போகிற பழைய பழக்கத்திலேயே தெருக்கோடி வரையில் நடந்து, அங்கே சிறிது நேரம் நின்று, பிறகு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து கொள்வார். பகலில் நெஞ்சை அடைக்கிறது என்பார். வயிற்றில் வாய்வு என்பார். அருகிலுள்ள டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: "ஒன்னும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. ஒன்னும் இல்லாத மனுஷன் ராவெல்லாம் ஏன் முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு?"

அந்த அம்மாளுக்கு நான் உடனே ஒரு பதில் சொல்லக்கூடவில்லை. நம் கிராமத்தார் துக்கத்தைத் துக்கம் என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவதில்லை. தலை கனக்கிறது, கை கால் அசதி, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்வார்கள். அதிகமாய்ப் போனால், மனசே சரியில்லை என்பார்கள். அவை பொய்யான உபாதைகள் அல்ல. மனத்தின் வேதனை உடம்பின் வழியாகவே வெளிவருவது உலகெங்கும் வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பிரதேசத்தில், ஹன்டர் பள்ளத்தாக்கில், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அயலில் வாழ்ந்த குடியானவர்களிடையே கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவ ஆசிரியர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. வீட்டைவிட்டு எங்கும் போகாமலே, தாம் பிறந்த இடத்தில் இருந்துகொண்டே, சுற்றியிருந்த பூமி கண்முன் உருமாறிப் போனதால், ஊரைப் பிரிந்து பரதேசம் போனவனுக்கு உண்டாகும் ஏக்கத்தை ஒத்த ஒரு வேதனையை அவர்கள் அனுபவித்தார்கள் என்பதை அவர் கண்டார். தெருக்கோடியில் டார்ச் விளக்கோடு நிற்கும் என் பெரியவருக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் குடியானவருக்கும் பாஷை வேறு. நோவு ஒன்றே என்று நான் நினைக்கிறேன்.

இத்தகையவருக்கு எங்கே ஆதரவு கிடைக்கும், யாரிடம் போக வேண்டும் என்பதை நம்மில் படித்தவர்களே சரியாக அறிந்திருக்கவில்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மனநோய்ச் சிகிச்சையில் பட்டம் பெற்றவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் மருந்து கொடுப்பதில்லை. பேச்சின் வாயிலாகவும் பயிற்சிகளின் வாயிலாகவும் சிகிச்சை செய்வார். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர்கள் பல தரத்தினர். உளவியலிலோ சமூகப் பணியிலோ முறையாகப் படித்து அனுபவம் பெற்றவர்களும் உண்டு. சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு பலகை வைத்தவர்களும் உண்டு. ஆகையால், என்ன படித்தீர்கள், யாரிடம் பயின்றீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்லவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

இங்கே வளையமாதேவிக்காரருக்குக் கிட்டக்கூடியது யாது என்று பார்த்தால், முற்றிலும் வெறுமை என்று சொல்வதற்கில்லை. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் ஆரம்பமானபோது இந்தியா முழுவதிலும் நான்கு மாவட்டங்களே சேர்க்கப்பட்டன. அவற்றுள் திருச்சிராப்பள்ளி ஒன்று. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அத்திட்டம் இருக்கிறது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். சிதம்பரத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று நெடுங்காலம் வழங்கிவந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் செலவில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்றே எழுதிவைத்திருக்கிறது. தன்னைப் பற்றிய விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டம் நோயாளிக்குத் தந்த உரிமைதான்.

ஆனால் உரிமைக்கும் ஒரு மனிதன் பஸ் ஏறுவதற்கும் இடையில் இருக்கும் தூரம் மிக அதிகம். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு, கூடவரும் ஒருவரையும் வேலை கெடுத்து அழைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, முன்பின் அறியாத டாக்டரிடம் சில நிமிஷங்களுக்குள் வாழ்நாள் வேதனையைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்கும் மேலாக, 1794-ஆம் வருஷம் தோன்றிய கீழ்ப்பாக்கத்துப் பழைய ஆஸ்பத்திரியின் நிழல் இன்னும் நம் மனத்தில் படிந்திருப்பதால், மனநலப் பிரிவு என்ற பலகையின் கீழே தன்னை யாராவது பார்த்துவிட்டால் ஊரில் என்ன பெயர் வரும், பெண்ணுக்கு வரன் பார்க்கையில் என்ன பேச்சு வரும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தை மூடத்தனம் என்று பட்டணத்திலிருந்து கடிந்துகொள்வதில் பயனில்லை. கிராமத்துக்குள்ளேயே, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நூலகத்துத் திண்ணையிலோ, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களோடு சேர்ந்து வந்து உட்காரும்படியாக ஓர் ஆலோசகர் இருந்தாலொழிய அது தீராது.

அவர் பெரும் பட்டம் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006-இல், தம்மிடம் ஆட்களும் அறைகளும் இல்லாத நிலையில், பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து, சுகாதார நிலையத்தின் முற்றத்தில் ஒரு மர பெஞ்சைப் போட்டு அவர்களை உட்காரவைத்தார். நோயின் பெயரைச் சொல்லி மிரட்டாமல், அந்நாட்டு ஜனங்கள் வழக்கமாய்ச் சொல்லும் 'அதிகம் யோசிக்கிறேன்' என்ற சொல்லைக் கொண்டே பாட்டிமார் பேச்சைத் தொடங்கினார்கள். வந்தவருடைய தொல்லைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு இந்த வாரத்தில் செய்யக்கூடியது என்ன என்று அவரோடு சேர்ந்தே யோசித்தார்கள். பத்து வருஷங்களுக்குப் பின் முறையான பரிசோதனை ஒன்றில், அவ்விதம் பேசியவர்களுடைய வேதனை வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையதைவிட நன்கு குறைந்திருப்பது நிரூபணமாயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 1986-இல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் உற்றாரை இழந்த குடும்பங்களுக்கு, மருத்துவர் அல்லாத தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து, அந்த ஆதரவு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடத் தேறியிருந்தார்கள். அவரே பிற்பாடு நம் வளையமாதேவிக்கு அண்டையிலுள்ள காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்கு வந்து, பூச்சிமருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஊர்ப்பொதுவான ஓரிடத்தில், குடும்பத்துக்கு ஒரு பூட்டிய பெட்டியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை, ஊராரைக் கலந்துகொண்டு, இரண்டு கிராமங்களில் செய்து பார்த்தார். மனம் உடைந்த ஒரு நாழிகையைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும் என்பது அதன் தத்துவம். ஏற்பாட்டை ஜனங்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள் என்பதை 2013-இல் வெளியான அறிக்கை காட்டுகிறது. நம் மாவட்டத்து விவசாயிகள் இத்தகைய உதவியை நாட மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கிராமங்களே பதில்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உறுதியான அபிப்பிராயம் கொண்டிருக்கிறேன். ஆலோசகர் நியாயத்துக்குப் பதிலாக அனுப்பப்படுகிறவர் ஆகிவிடக்கூடாது. ஈடு கேட்கிறவனை, வேலை கேட்கிறவனை, உனக்கு மனசு சரியில்லை, இரண்டு நாள் போய்ப் பேசிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவதற்கு அவர் கருவியாக இருப்பாரானால், அவர் வராமல் இருப்பதே மேல். அதனால்தான் அவர் நிறுவனத்தின் சிப்பந்தியாக இருத்தலாகாது என்கிறேன். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும்; அந்த நிதியிலிருந்து பணம் வரட்டும். ஆனால் ஆலோசகரை நியமிப்பதும் மேற்பார்ப்பதும் மாவட்ட மனநலத் திட்டத்தின் பொறுப்பாக இருக்கட்டும். அவரிடம் சொன்ன ஒரு வார்த்தையும் நில எடுப்பு அலுவலகத்துக்கோ கம்பெனிக்கோ போகாது என்ற உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். நிலம் எடுக்கும் எந்த மறுவாழ்வுத் திட்டத்திலும், மாற்று மனையும் வேலையும் போலவே, இதுவும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரையும், நிலக்கரி நிறுவனத்தாரையும், அப்பகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

அந்த நாள் வரும்வரையில், இதைப் படிப்பவர்களில் எவருக்கேனும், அல்லது எவருடைய வீட்டிலேனும், இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பற்றுப் போயிருந்தால், காத்திருக்க வேண்டாம். முதலில் பார்த்த ஆலோசகர் உங்கள் பேச்சை இடைமறித்து உபதேசமே செய்துகொண்டிருந்தால், அல்லது இத்தனை நாளில் குணமாக்கிவிடுகிறேன் என்று சத்தியம் செய்தால், தயங்காமல் வேறொருவரைத் தேடுங்கள். ஒருவர் ஒத்துவரவில்லை என்பதற்காக வைத்தியத்தையே கைவிட்டுவிடாதீர்கள். எங்கள் பெரியவர், மகன் வற்புறுத்தியதன் பேரில், இப்போது மாதம் ஒருமுறை சிதம்பரம் போய் வருகிறார். இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்குகிறாராம்.

உயிரை வெறுக்கும் எண்ணம் தலைகாட்டினாலோ அது எந்த நேரமாக இருந்தாலும் உடனே பேசுங்கள். 2022-ஆம் வருஷம் அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416. தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். அதற்குக் கட்டணம் இல்லை. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். 104 என்ற எண்ணிலும், சென்னை சிநேகாவின் 044-24640050 என்ற எண்ணிலும் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.