பறை வடிவமைப்பு இல்லையாம்

மரத்தோடு தோல், தோலோடு இரும்பு என்று பொருள்களை இணைத்துச் சோதிப்பது வடிவமைப்புக் கல்லூரியில் ஒரு பாடம். சிவகங்கைச் சீமையிலிருந்து படிக்கப் போன நான் எங்கள் தெருப் பறையைக் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்று துண்டு மரத்தை வளைவாகச் செதுக்கி இரும்புத் தகட்டால் சேர்த்த வட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். காயக்காயத் தோல் சுருங்கிச் சட்டத்தைக் கவ்வும். தீயில் காட்டினால் ஈரம் போய் இன்னும் விறைக்கும். "பசையக் காச்சுறதுலதான்டா சூட்சுமம், மிச்சத்த வெயிலு பாத்துக்கிரும்" என்பார் எங்க தாத்தா.

"இது நாட்டுப்புறக் கலை, வடிவமைப்பு இல்லை" என்றார் ஆசிரியர். அதே வகுப்பில் காரைக்குடி செட்டியார் வீட்டு பர்மா தேக்கு வேலை மட்டும் பாரம்பரியத் தொழில்நுட்பம்! தேக்கைத் தொட்டால் தீட்டில்லை. செத்த மாட்டைத் தொட்டவனுக்கு மூளையே இல்லை. இதுதானே கணக்கு?

இந்தக் கண் பழைய கண். 1958இல் அமெரிக்க ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு எழுதிய அறிக்கை சொம்பைக் கொண்டாடியது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்ததற்கு அதுவே அடிப்படை. சொம்பின் எடை, வாய், பிடிக்கும் கை எல்லாவற்றையும் கேட்டார்கள். அதை யார் தொடலாம், யார் கையேந்திக் குடிக்கணும் என்று கேட்கவில்லை.

பறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாராட்ட வேண்டாம். பறை கட்டுகிறவரைச் சம்பளத்தோடு ஆசிரியர் நாற்காலியில் உட்கார வையுங்கள். அப்புறம் பேசலாம் பாரம்பரியம்.