பெரிய பவர் சப்ளை தீர்வல்ல

காரைக்குடியில் பட்டறை நடத்தும் எனக்கு ஒரு வழக்கம் பிடிப்பதில்லை. இரும்புக் குழாயைப் பழுக்கக் காய்ச்சச் சொந்தமாக இண்டக்‌ஷன் ஹீட்டர் கட்டுகிறவர்கள், சூடு ஏறாவிட்டால் உடனே பெரிய பவர் சப்ளை தேடுகிறார்கள். குறை பெரும்பாலும் பொருத்தத்தில்தான். செப்புச் சுருளின் சுற்றுகள், குழாய்க்கும் சுருளுக்கும் உள்ள இடைவெளி, கெப்பாசிட்டர் ஆகிய மூன்றும் சப்ளையோடு ஒத்துப்போகாவிட்டால், குழாயைவிடச் சுருளும் டிரான்சிஸ்டரும்தான் அதிகம் கொதிக்கும். இரும்பு 770 டிகிரி செல்சியஸ் வாக்கில் காந்தத்தன்மையை இழப்பதால் சுமையும் நடுவில் மாறிவிடும். அதனால் பொருத்தத்தைக் குழாயைச் சுருளுக்குள் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அதற்கான நல்ல ஆசிலாஸ்கோப் பல சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி திறக்கப்பட்ட ஊர் இது. அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. மாதம் ஒரு நாளாவது இந்த ஆய்வகங்கள் பட்டறைக்காரர்களுக்கு அளவுக் கருவிகளைத் திறந்துவிடட்டும்.