பெயரறிந்து காப்போம்

கடலூர்க் கரையில் கெடிலமும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும் கடலொடு கலக்கின்றன. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு விரிந்து கிடக்கின்றது. நீர் வடிந்த சேற்றுப் பரப்பில் குளிர்காலத்தே சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக இரை தேடும். இவை யாவை என வினவின், 'உள்ளான்' என்னும் ஒரே விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை போதுமா என்பதே ஈண்டு எழும் வினா.

கருப்பொருளை வகுத்த தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்தார். நிலத்தை அறிதல் அந்நிலத்துப் பறவையை அறிதலுமாம் என்பது இதனாற் பெறப்படும். எனினும் நெய்தற் பாடல் பயிலும் மாணவர், 'ஒருவகைப் பறவை' என்னும் அகராதிப் பொருளோடு அமைந்துவிடுகின்றனர்.

இதனால் விளையும் கேட்டுக்குக் கரண்டிமூக்கு உள்ளான் தக்க சான்றாகும். பெரிய வெள்ளைப் பறவையாகிய கரண்டிவாயன் வேறு. இது சிட்டுக்குருவியளவே உடையது. ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் தென்னாசிய, தென்கிழக்காசியக் கரைகளை நாடும். 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்ந்த காலத்தில் இஃது அங்குப் பதிவாயிற்று.

இதனை இனங்காண்டல் எளிதன்று. குளிர்காலத்தில் மேலே சாம்பலும் கீழே வெண்மையுமாய்க் கொசு உள்ளானையே ஒத்திருக்கும். அலகு நுனியின் கரண்டி வடிவு பக்கவாட்டில் நோக்கின் எளிதிற் புலப்படாது; நேரே நோக்கின் தெளிவாகும். கொசு உள்ளானின் அலகில் சேறு ஒட்டியிருப்பின் அதுவும் கரண்டிபோல் தோன்றி மயக்கும். ஆதலின் இரை கொள்ளும் முறையையும் காணல் வேண்டும். கொசு உள்ளான் விரைந்து விரைந்து கொத்தும். இதுவோ ஆழமற்ற நீரில் அலகை இருபுறமும் அசைத்துத் துழாவும்.

உலகில் இப்பறவை 1,000க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதென மதிப்பிடுவர். வழியில் இளைப்பாறும் சேற்றுவெளிகள் தூர்க்கப்பட்டமை ஒரு காரணம். தென்கொரியாவின் சேமன்கும் கழிமுகத்தை 2006இல் 33 கி.மீ. நீளச் சுவர் அடைத்தது. வேட்டை வலை மற்றொரு காரணம். எல்லாவற்றையும் 'உள்ளான்' என்றே காணும் கண்ணுக்கு, வலையில் வீழ்ந்தவற்றுள் அரியதும் எளியதும் ஒன்றே. பெயரில்லாத உயிர் மறைந்தால் அதன் இழப்பை உணர்வார் யார்?

இஃது விலங்கியலார் பணியன்றோ எனச் சிலர் கேட்கலாம். அளந்து ஆய்தல் அவர் பணி. சொல்லைத் திரட்டிக் காத்தல் தமிழ்த்துறையின் பணி. கிள்ளை, பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம் ஆகிய ஊர்களின் முதிய மீனவரிடம் பறவைப் பெயர்கள் இன்னும் வழங்கக்கூடும். அவர்தம் பேரர் அவற்றை மறந்துவிடின் பின்னர்த் தேடியும் பயனில்லை. பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நிலத்துக்குக் காப்புக் கிடைத்தது. பெயர்களுக்கும் காப்பு வேண்டும். மாணவச் செல்வங்கள் ஏட்டுடன் கரைக்குச் சென்று, பறவையைக் கண்டு, பெயரைக் கேட்டு எழுதுவராயின், நெய்தற் கல்வி அன்றே நிறைவெய்தும்.