அப்பத்தா கட்டிலுக்கு ஒரு குட்டி மேசை... வாங்கும் முன் இதைப் பாருங்க!

போன மாதம் கோவிலூரில் அப்பத்தா வீட்டில் தங்கியிருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு 'டங்'கென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், செம்பு உருண்டு கிடக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்கத் தண்ணீர். அதில் கால் வைக்கப் போன அப்பத்தாவை அப்படியே பிடித்து உட்கார வைத்தேன்.

"ஒண்ணுமில்லத்தா, கை தவறிருச்சு" என்றார்.

காலையில் கவனித்தேன். செம்பு வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூல், மெத்தையைவிட ஒரு சாண் தாழ்வு. இருட்டில் குனிந்து துழாவித்தான் தினமும் தண்ணீர் குடித்திருக்கிறார்!

கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றைக்கே மேசை தேடக் கிளம்பிவிட்டேன்.

அழகில் மயங்கினேன்

பழைய மரச்சாமான் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருதானே! அங்கே சாய்வான மூடி போட்ட கணக்குப்பிள்ளைப் பெட்டி ஒன்று கண்ணைப் பறித்தது. விலை பேசும்போதுதான் உறைத்தது. அது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவதற்குச் செய்தது. கட்டில் பக்கத்தில் வைத்தால் தாழ்ந்து போகும். மேல்பக்கம் சரிவு என்பதால் செம்பும் நிற்காது.

அந்தக் காலத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். செம்பு தலைமாட்டில் தரையிலேயே இருக்கும், விளக்குக்குச் சுவரில் மாடம். படுக்கை கட்டிலுக்கு ஏறியபோது செம்பும் கூடவே ஏறியிருக்க வேண்டும்!

என்னென்ன பார்க்கணும்?

உயரம்: தரையிலிருந்து மெத்தையின் மேல்பக்கம் வரை அளந்துகொள்ளுங்கள். கட்டில் 18 அங்குலம், மெத்தை 6 அங்குலம் என்றால் மேசையும் 24 அங்குலம். ஓரிரு அங்குலம் கூடக் குறைய இருக்கலாம்.

எட்டும் தூரம்: படுத்தபடி கை நீட்டினால், தோள் எழும்பாமல் மேசையின் நடுப்பகுதி எட்ட வேண்டும்.

கனம்: எழும்போது பெரியவர்கள் மேசையில்தான் கை ஊன்றுவார்கள். ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ சாய்ந்தாலோ வேண்டாம். சக்கரம் வைத்ததும் வேண்டாம்.

முனை: கூர்மையாக இல்லாமல் உருட்டி இழைத்திருக்க வேண்டும். மேல்பலகைக்குச் சின்ன விளிம்பு இருந்தால், கண்ணாடியும் மாத்திரையும் உருண்டு விழாது. கண்ணாடிப் பலகை போட்ட மேசையைத் தவிர்த்துவிடுங்கள்.

பழைய சாமான் என்றால்: டிராயரை உருவி அடிப்பக்கம் பாருங்கள். மேலே பாலிஷ் பளபளத்தாலும், உண்மையான மரம் அங்கேதான் தெரியும். சின்னத் துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால், உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் என்ன வாங்கினேன்?

எதுவும் வாங்கவில்லை! வீட்டின் பின்கட்டில் பழைய தேக்கு முக்காலி ஒன்று கிடந்தது. ஆசாரி அதன் கால்களுக்கு அகலமாக அடிக்கட்டை கொடுத்து, மெத்தை உயரத்துக்குக் கொண்டுவந்தார். மேலே விளிம்பும் அடித்துக் கொடுத்தார்.

இப்போது அதில் மூடி போட்ட செம்பு, கண்ணாடி, டார்ச் லைட், திருநீற்றுச் சம்படம், போன். அன்று ராத்திரி விளக்கை அணைத்ததும் அப்பத்தா கையை நீட்டிப் பார்த்தார். செம்பு தட்டுப்பட்டது.

"இது போதும்த்தா, நீ போய்த் தூங்கு."

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் செம்பு ராத்திரி எங்கே இருக்கிறது? இன்றைக்குத் தூங்கப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!